மீட்டர் சொன்ன இருநூற்று முப்பது

அவளுக்கு ஐம்பத்தொரு வயது. கடைசியாகப் பிறந்தவள் என்பதால் அக்காவுக்கும் அத்தானுக்கும் இன்னமும் பாப்பாதான். தெருவுக்கு அவள் ஏனக்கா. யார் எதைச் சொன்னாலும் "ஏன்?" என்று ஒரு கேள்வி போடாமல் விடமாட்டாள், அதனால் ஒட்டிக்கொண்ட பெயர். "இன்வர்ட்டர் ஓடலக்கா" என்று யாராவது தூக்கிக்கொண்டு வந்தால், மற்ற மெக்கானிக்குகள் பெட்டியைத் திறப்பார்கள். இவள் வந்தவரைத் திறப்பாள். எப்போதிலிருந்து ஓடவில்லை, அந்த நேரத்தில் வீட்டில் வேறு என்ன ஓடியது, வாடை அடித்ததா, அடித்தது என்றால் ஏன் அன்றைக்கே வரவில்லை? பதில் சொல்லிச் சொல்லியே பாதிப் பேர் களைத்துப்போய்த் தண்ணீர் கேட்பார்கள்.

வீட்டின் முன்னறைதான் பட்டறை. கழற்றிப்போட்ட ஒரு பழைய கதவை இரண்டு இரும்பு ஸ்டாண்டின் மேல் படுக்கப்போட்டு மேஜை ஆக்கியிருந்தாள். தாழ்ப்பாள் இருந்த ஓட்டையில் இப்போது ஈயம் உருக்கும் சால்டரிங் அயர்ன் செருகி நிற்கும். சுவரோரம் மரப்பலகை போட்டு பேட்டரிகள். நடுவில் ஒரு திரை, திரைக்கு அந்தப் பக்கம் குடித்தனம். அவள் வீட்டுக்காரர் பஸ்களுக்குப் பெயிண்ட் அடிக்கிறவர். அதிகம் பேசமாட்டார், பேசினால் அது கிண்டலாகத்தான் இருக்கும்.

பட்டறை போடுவதற்கு முன்னால் பன்னிரண்டு வருஷம் டிரான்ஸ்ஃபார்மர் சுற்றும் ஃபேக்டரியில் இருந்தாள். கம்பெனியை மூடியபோது எல்லாரும் வேறு வேலை தேடிப் போனார்கள். இவள் மட்டும் ஒரு செத்த இன்வர்ட்டரை வாங்கி வந்து பிரித்துப் பார்த்தாள். உள்ளே பாதி இடத்தை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது அவளுக்குப் பழக்கமான டிரான்ஸ்ஃபார்மர். சொந்தக்காரரைத் தெரியாத ஊரில் பார்த்த மாதிரி சந்தோஷப்பட்டாளாம். மீதிப் பாதியையும் ஏன், எதற்கு என்று கேட்டுக் கேட்டே கற்றுக்கொண்டாள்.

மேஜையின் ஒரு மூலையில் ஒரு ஆசிலாஸ்கோப் இருந்தது. மூடிப்போன ஒரு கல்லூரி லேபில் சாமான்களைத் தள்ளிவிட்டபோது வாங்கியது. சின்னப் பயணப்பெட்டி அளவு இருக்கும், வட்டமாக ஒரு திரை, அதில் பச்சைக் கோடு. கம்பியில் கரண்ட் எப்படி ஏறி இறங்குகிறது என்பதை அந்தக் கோடு அலையாக வரைந்து காட்டும். மீட்டர் ஒரு எண்ணைச் சொல்வதோடு சரி. இது முகத்தையே காட்டிவிடும். "உன் டிவியில ஒரே ஒரு நிகழ்ச்சிதான் ஓடுது, அதுலயும் கதாநாயகன் யாருன்னே தெரியல" என்பார் வீட்டுக்காரர்.

வாங்கிய முதல் வாரமே அந்தப் பெட்டி அவளைப் பயமுறுத்தியது. கம்பியைத் தொட்டுப் பார்க்கிற புரோபோடு சேர்ந்து தொங்கும் சின்ன கிளிப்பை இன்வர்ட்டர் அவுட்புட்டின் ஒரு கம்பியில் மாட்டினாள். டமார் என்று ஒரு சத்தம், கிளிப்பின் ஒரு பல் போன இடம் தெரியவில்லை. அந்த கிளிப் பெட்டிக்குள்ளேயே எர்த்தோடு சேர்ந்திருக்கிறது என்பது அப்போதுதான் தெரிந்தது. தொழிலில் இருக்கிறவர்கள் எல்லாரும் ஒரே வைத்தியம் சொன்னார்கள்: பெட்டியின் பிளக்கில் எர்த் பின்னை வெட்டி எறி, வெடிக்காது. "ஏன்?" என்றாள். "எல்லாரும் அப்படித்தாங்க்கா பண்றோம்." அது பதில் இல்லையே. இரண்டு நாள் பேப்பரில் படம் போட்டுப் பார்த்ததில் விஷயம் புரிந்தது. பின்னை வெட்டினால் வெடிக்காதுதான், ஆனால் கிளிப்பில் இருக்கிற கரண்ட் அத்தனையும் பெட்டியின் இரும்பு உடம்புக்கு வந்துவிடும். ஒரு கை பெட்டியிலும் இன்னொரு கை எர்த் ஆன எதிலாவதும் பட்டால், அப்புறம் கேள்வி கேட்க ஆள் இருக்காது. கடைசியில் அவளே வழி கண்டுபிடித்தாள். கிளிப்பை எங்கேயும் மாட்டுவதில்லை. கம்பிக்கு ஒன்றாக இரண்டு புரோப், ஒன்றிலிருந்து இன்னொன்றைக் கழித்துக் காட்டு என்று பெட்டிக்கு ஒரு உத்தரவு. வேலை முடிந்தது.

இப்படியெல்லாம் கெட்டிக்காரியாக இருந்தவளுக்குத்தான் அந்தத் திங்கட்கிழமை அக்காவிடமிருந்து ஃபோன் வந்தது.

"பாப்பா, கரண்ட் போச்சு. அத்தானோட மெஷின் இன்வர்ட்டர்ல ஓடமாட்டேங்குது. முனகுது, அப்புறம் கீ கீன்னு கத்துது. லைட்டு எரியுது, ஃபேன் ஓடுது, இது மட்டும் ஓடல!"

அத்தான் முப்பது வருஷம் பஸ் ஓட்டி ரிட்டயர் ஆனவர். நுரையீரல் கெட்டுப்போய் ஒரு வருஷமாக அவருக்கு ஒரு மெஷின் துணை. சுற்றியிருக்கும் காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்து, ஒரு மெல்லிய டியூப் வழியாக மூக்குக்குக் கொடுக்கும். அரை மணி நேரம் அது இல்லாமல் சமாளிக்கலாம், அதற்கு மேல் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அந்த வீட்டு இன்வர்ட்டர் ஆறு வாரத்துக்கு முன் புகைந்து நின்றபோது, கருகிய டிரான்ஸ்ஃபார்மரைப் புதிதாகச் சுற்றிச் சரிசெய்து கொடுத்தது ஏனக்காதான்.

அன்றைக்குக் கரண்ட் கால் மணியில் திரும்பிவிட்டது, இதோடு போயிருந்தால் பரவாயில்லை. வியாழக்கிழமை காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்து வரை பராமரிப்பு வேலைக்காகக் கரண்ட் இருக்காது என்று அறிவிப்பு வந்திருந்தது. எட்டு மணி நேரம். அவசரத்துக்கு வைத்திருந்த சிலிண்டர் இரண்டு மணி நேரம் தாங்கும், நிரப்பித் தருகிறவர்கள் வெள்ளிக்கிழமைதான் முடியும் என்றார்கள். இன்வர்ட்டரில் மெஷின் ஓட வேண்டும், இல்லாவிட்டால் அத்தான் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். போன தடவை ஒரு நாளைக்கு என்று போனவர் பத்தொன்பது நாள் கழித்துத்தான் வீடு திரும்பினார், அதுவும் பாதி ஆளாக. ஆஸ்பத்திரி என்ற பேச்சை எடுத்தாலே முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொள்வார்.

திங்கள் சாயங்காலமே ஏனக்கா மீட்டரையும் நூறு வாட் பல்பையும் எடுத்துக்கொண்டு ஓடினாள். தொழிலில் பல்புதான் பரீட்சை. எரிந்தால் பாஸ். பல்பு பளிச்சென்று எரிந்தது. மீட்டர் இருநூற்று முப்பது என்றது. பேட்டரியைப் பார்த்தாள், நன்றாக இருந்தது. மெஷினை மாட்டினாள், முனகல். மீட்டரைப் பார்த்தாள். இருநூற்று இருபத்தேழு! குறையே சொல்ல முடியாது.

"அப்ப மெஷின்லதான் கோளாறு" என்றாள் அக்கா. தங்கை கை வைத்த சாமானில் கோளாறு இருக்கும் என்ற எண்ணமே அவளுக்கு வரவில்லை. மறுநாள் மெஷின் கம்பெனி மெக்கானிக் வந்து, கரண்டில் ஓட்டிப் பார்த்து, மெஷின் சரியாகத்தான் இருக்கிறது, இன்வர்ட்டரைப் பாருங்கள் என்றார். அக்கா அவரை உண்டு இல்லை என்று ஆக்கிவிட்டாள். "என் தங்கச்சி ரிப்பேர் பண்ணினதுங்க அது! மீட்டர்ல காட்டினா. உங்க மெஷினை விட்டுக்குடுக்க முடியலன்னா அதைச் சொல்லுங்க, அவ வேலையைக் குறை சொல்லாதீங்க." பாவம், அந்த மனிதர் டீயைக்கூடக் குடிக்காமல் போய்விட்டார். இதை அக்கா ஃபோனில் சொன்னபோது ஏனக்காவுக்கு உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. அதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

ஆனால் செவ்வாய் முழுக்க அந்த இருநூற்று இருபத்தேழு அவள் மண்டையைக் குடைந்துகொண்டே இருந்தது. வோல்ட் சரி. பேட்டரி சரி. மெஷினும் சரி. எல்லாம் சரியென்றால் ஏன் முனக வேண்டும்? சோற்றில் கை வைத்தபடியே யோசித்துக்கொண்டிருந்தவளைப் பார்த்து வீட்டுக்காரர், "உன் டிவியைத் தூக்கிட்டுப் போய்ப் பாரேன்" என்றார். கிண்டலாகத்தான் சொன்னார். புதன்கிழமை காலையில் அந்தப் பெட்டியை ஸ்கூட்டரில் வைத்து, பின்னால் அவள் பிடித்துக்கொள்ள, மூன்று தெரு தள்ளிக் கொண்டுபோய் இறக்கியவரும் அவர்தான்.

அத்தானின் அறையில் ஒரு கட்டில், சாய்வு நாற்காலி, ஜன்னல். கூடத்தில் இன்வர்ட்டர். இரண்டுக்கும் நடுவில் ஒரு முக்காலி போட்டு அதன் மேல் பெட்டியை ஏற்றினாள். அக்கா ஒரு ஓரமாகப் பாத்திரத் துணியோடு வந்து நின்றாள். "இது என்னடி, ஈசிஜி மாதிரி இருக்கு" என்றாள்.

"ஈசிஜிதான்க்கா. இன்வர்ட்டருக்கு."

முதலில் வீட்டுக்கு வரும் கரண்டைப் பார்த்தாள். மேலே ஒரு மேடு, கீழே ஒரு பள்ளம், இரண்டும் ஒரே அளவு. பிறகு இன்வர்ட்டரில் பல்பை எரியவிட்டுப் பார்த்தாள். அதேதான், கூடப்பிறந்தது போல. இனி மெஷினை மாட்டிப் பார்க்க வேண்டும். அதற்கு அத்தான் டியூபைக் கழற்ற வேண்டும். சிலிண்டரைத் தொடக்கூடாது, அது நாளைக்கு.

"அஞ்சே நிமிஷம் அத்தான். முடியலன்னா கையைத் தூக்குங்க."

"எனக்கு ஒண்ணுமில்ல, நீ பாரு" என்றார்.

மெஷினை இன்வர்ட்டருக்கு மாற்றினாள். முனகல் ஆரம்பித்தது. காதைத் தீட்டிக் கேட்டபோதுதான் அது ஒரு முனகல் இல்லை, இரண்டு என்று தெரிந்தது. மெஷினுடையது ஒன்று, இன்வர்ட்டரின் அடிவயிற்றிலிருந்து இன்னொன்று. திரையைப் பார்த்தவள் அப்படியே குனிந்து முகத்தைக் கிட்டே கொண்டுபோனாள். மேட்டைக் காணோம். அந்த இடத்தில் கூடாரம் மாதிரி கூராக ஒன்று நின்றது. கீழே பள்ளம் பானை அடி மாதிரி தட்டையாக விரிந்து கிடந்தது. மீட்டரை ஒரு கண்ணால் பார்த்தாள். இருநூற்று இருபத்தேழு. துளி கூச்சம் இல்லாமல்.

"அடப்பாவி" என்றாள் மீட்டரைப் பார்த்து.

"என்னடி?" என்றாள் அக்கா.

"ஒருத்தன் ஆறடி, ஒருத்தன் நாலடி. இது ரெண்டு பேரையும் சேர்த்து அஞ்சடின்னு சொல்லிட்டு உக்காந்திருக்கு."

அந்த நிமிஷம் அவளுக்கு ஏற்பட்ட சந்தோஷத்தைச் சொல்லி மாளாது. மூன்று நாளாகத் திறக்காத கதவு திறந்துவிட்டது. இந்த மாதிரி இன்வர்ட்டரில் டிரான்ஸ்ஃபார்மருக்கு இரண்டு பாதி. ஒன்று மேட்டை எழுப்பும், மற்றது பள்ளத்தைத் தோண்டும். பள்ளத்துக்காரனுக்கு எங்கோ பாதை அடைத்திருக்கிறது. பல்பு கொஞ்சம்தான் கரண்ட் கேட்கும், அதனால் தெரியவில்லை. மெஷின் பல்பைப் போல மூன்று மடங்கு கேட்கிறது, அதனால் குட்டு வெளிப்பட்டது. எங்கே அடைப்பு என்பதை இன்றைக்கே பிடித்துவிடலாம்.

மெஷினைத் திரும்பக் கரண்டுக்கு மாற்றி, அத்தான் மூக்கில் டியூபை மாட்டிவிட்டாள். அவர் உதடு லேசாக நீலம் பாய்ந்திருந்தது. கையை அவர் தூக்கவே இல்லை.

இன்வர்ட்டரின் மூடியைக் கழற்றினாள். அக்காவின் இஸ்திரிப்பெட்டியை மெஷினுக்குப் பதிலாக மாட்டி, உள்ளே ஒவ்வொரு இணைப்பாக மீட்டரை வைத்துக்கொண்டு வந்தாள். மேட்டுக்காரன் பக்கம் சுத்தம். பள்ளத்துக்காரன் கம்பி, முனைத் தகடான லக்கில் சேரும் இடத்தில் இரண்டு வோல்ட் தொலைந்துகொண்டிருந்தது. பன்னிரண்டில் இரண்டு! ஸ்விட்சை அணைத்து, பேட்டரியையும் கழற்றிவிட்டு அந்த இடத்தில் விரல் வைத்தவள் வெடுக்கென்று எடுத்தாள். அடுப்பு மாதிரி கொதித்தது.

பிறகுதான் அந்த இணைப்பைச் சரியாகப் பார்த்தாள். ஈயம் உருண்டு திரண்டு பளபளவென்று இருந்தது. கழுத்தில் உறை மாதிரி ஒரு மஞ்சள் ஸ்லீவ். அந்த மஞ்சள் ஸ்லீவை இந்த வட்டாரத்தில் அவளைத் தவிர யாரும் போடுவதில்லை. அவள் முகம் சுண்டிப்போனது.

ஈயத்தை உருக்கி இழுத்தாள். ஐந்து செப்புக் கம்பிகளை ஒன்றாக முறுக்கியிருந்தது. வெளியே இருந்த இரண்டில் மட்டும் வார்னிஷ் சுரண்டப்பட்டு ஈயம் பிடித்திருந்தது. உள்ளே மாட்டிக்கொண்ட மூன்று, பழுப்பு வார்னிஷோடு, புதுப்பெண் மாதிரி அப்படியே இருந்தன. வார்னிஷைத் தாண்டிக் கரண்ட் போகாது. ஐந்து பேர் சுமக்க வேண்டியதை ஆறு வாரமாக இரண்டு பேர் சுமந்திருக்கிறார்கள்.

இதை ஒரு கற்றுக்குட்டி செய்திருக்கமாட்டான், ஒவ்வொரு கம்பியாகச் சுரண்டிவிட்டுத்தான் முறுக்கியிருப்பான். அவள் ஃபேக்டரியில் முதல் மேஜை சுற்றுவதற்கு, இரண்டாவது மேஜை சுரண்டி ஈயம் வைப்பதற்கு. அவள் பன்னிரண்டு வருஷமும் முதல் மேஜை. சுற்றி முடித்ததும் நுனிகளை அழகாக முறுக்கி அடுத்த மேஜைக்குத் தள்ளிவிடுவாள், அங்கே இருந்தவள் பிரித்துச் சுரண்டுவாள். அந்தக் கை இன்னும் அதே பழக்கத்தில் முறுக்கிவிட்டது. பக்கத்து மேஜையில் இப்போது யாரும் இல்லை என்பது மூளைக்குத் தெரியும், கைக்குத் தெரியவில்லை. முறுக்கியதற்குப் பின்னால் மேலாகச் சுரண்டி, ஈயம் வைத்து, பல்பு எரிந்ததைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே கொடுத்துவிட்டாள்.

ஐந்தையும் பிரித்து, செப்பு சிவக்கச் சுரண்டி, தனித்தனியாக ஈயம் பூசி, பிறகு முறுக்கி வைத்தாள். பேட்டரியை மாட்டி, அத்தானை இன்னொரு ஐந்து நிமிஷம் காத்திருக்கச் சொல்லி, மெஷினை ஓட்டிப் பார்த்தாள். முனகல் இல்லை. மேடும் பள்ளமும் அச்சு மாறாமல் வந்தன.

"கண்டுபிடிச்சிட்டியா?" அக்கா முகமெல்லாம் சிரிப்பாக வந்தாள். "என்னவாம்? அந்த மெஷின்காரன் தப்புதானே?"

ஒரு கனெக்ஷன் லூஸ் என்று சொல்லியிருக்கலாம். அது பொய்கூட இல்லை. அக்கா நம்பியிருப்பாள், கதை முடிந்திருக்கும். ஆனாலும் ஏனக்கா உண்மையைச் சொல்லிவிட்டாள்.

"என் தப்புக்கா. நான் வச்ச ஜாயின்ட்தான். கம்பியைச் சரியா சுரண்டல."

அக்கா, "ஐயோ, அந்த மனுஷனை நான் என்னென்ன பேசிட்டேன்" என்று வாயில் துணியை வைத்துக்கொண்டாள். "நம்பர் இருக்கு. நீயே பேசி மன்னிப்புக் கேளு. நானும் கேக்கறேன்."

சாய்வு நாற்காலியிலிருந்து அத்தான் குரல் வந்தது. "எனக்குத் தெரியும்."

"என்ன தெரியும்?"

"ரிப்பேர் ஆகி வந்த அன்னைக்கே தெரியும் பாப்பா. முப்பது வருஷம் இன்ஜின் சத்தம் கேட்டவன். வந்ததுலேர்ந்தே அது முனகிட்டுத்தான் இருக்கு."

அக்கா பகலில் குழந்தைகள் காப்பகத்தில் வேலைக்குப் போகிறவள். கரண்ட் போவதும் பகலில்தான். திங்கட்கிழமையிலிருந்து அவள் லீவு போட்டதால்தான் விஷயமே வெளியில் வந்தது. ஏனக்கா அவர் பக்கத்தில் போய் நின்றாள்.

"அப்ப இந்த ஆறு வாரமா கரண்ட் போனப்பல்லாம் என்ன பண்ணினீங்க?"

அவர் ஜன்னல் பக்கம் பார்த்தார். "மெஷினை ஆஃப் பண்ணிட்டு உக்காந்திருப்பேன். சிலிண்டரைத் தொட்டா உன் அக்காவுக்குத் தெரிஞ்சுரும். பத்து நிமிஷம், இருபது நிமிஷம். வந்துரும்."

"அதிகமா எவ்வளவு நேரம்?"

"ஒரு தடவை ஒண்ணே கால் மணி நேரம்."

அக்கா கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஏன்?" என்றாள் ஏனக்கா. வாழ்நாளில் அவள் கேட்ட அத்தனை ஏன்களிலும் இது வேறு மாதிரி வந்தது. "மூச்சு முட்டினாலும் சொல்லமாட்டீங்களா? ஏன் அத்தான்?"

"நீ கொண்டாந்து மாட்டிட்டு என் மூஞ்சியைப் பார்த்துச் சிரிச்ச. அவ்வளவு சந்தோஷம் உனக்கு. எப்படிம்மா சொல்றது?"

அவள் அவரைத் திட்டினாள். அக்காவும் சேர்ந்துகொண்டாள். ஒரு அரை மணி நேரம் அந்த மனிதருக்கு நல்ல மண்டகப்படி நடந்தது. எல்லாம் ஓய்ந்து வீட்டுக்கு நடந்து போகும்போதுதான் இன்னொன்று அவளுக்கு உறைத்தது. இந்த ஆறு வாரத்தில் ஆறு ஞாயிற்றுக்கிழமை அவள் அங்கே போயிருக்கிறாள். டீ குடித்திருக்கிறாள், அரட்டை அடித்திருக்கிறாள். ஊரில் எல்லாரிடமும் கேள்வி கேட்கிறவள், அத்தானிடம் "எப்படி ஓடுது?" என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. தான் செய்த வேலை, கேட்க என்ன இருக்கிறது என்று இருந்துவிட்டாள். அந்த வெட்கத்தில் இரவு சாப்பாடு இறங்கவில்லை.

வியாழக்கிழமை சரியாக ஒன்பதுக்குக் கரண்ட் போனது. இன்வர்ட்டர் டக்கென்று எடுத்துக்கொண்டது, மெஷின் முனகாமல் ஓடியது. அவள் எட்டு மணிக்கே பட்டறையிலிருந்து இன்னொரு பேட்டரியோடு வந்து, எட்டு மணி நேரமும் தாங்க அதையும் சேர்த்து மாட்டி, ஆசிலாஸ்கோப்பை அத்தானின் நாற்காலிக்குப் பக்கத்திலேயே முக்காலி போட்டு ஏற்றியிருந்தாள். இன்வர்ட்டரிலிருந்தே அதற்கும் ஒரு வயர். பத்து, பதினொன்று, பன்னிரண்டு. இவள் கண் திரையை விட்டு நகரவில்லை. நடுவில் முக்காலியைக் கொஞ்சம் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டாள். அத்தான் பேப்பர் படித்தார், தூங்கினார், விழித்தார்.

இரண்டு மணி சுமாருக்கு அவர் கூப்பிட்டார். "பாப்பா."

"ம்?"

கொஞ்சம் தயங்கினார். "மூச்சு ஒரு மாதிரி இருக்கு. முட்டுது."

அவள் திரையைப் பார்த்தாள், அலை ஒழுங்காக ஓடியது. பேட்டரியைப் பார்த்தாள், ஓடிப்போய் இணைப்பைத் தொட்டாள், சூடே இல்லை. மீட்டரை வைத்தாள். அக்கா சிலிண்டரை உருட்டிக்கொண்டு வந்தாள். எல்லாமே சரியாக இருந்தது, அவர் நெஞ்சு மட்டும் தூக்கித் தூக்கிப் போட்டது.

"அதையெல்லாம் விடு" என்றார் அவர், கையைத் தூக்கித் தரையைக் காட்டி. "இங்க பாரு."

ஆசிலாஸ்கோப்பைச் சுமந்துகொண்டிருந்த முக்காலியின் ஒரு கால், டியூபின் மேல் ஏறி நின்றது. அவள் இழுத்துப் போட்டபோது ஏறியிருக்கிறது. பெட்டியோடு சேர்த்து அதைத் தூக்கி நகர்த்தினாள். நசுங்கிய டியூப் மெல்லப் பழையபடி உப்பியது. அவர் இரண்டு, மூன்று தடவை ஆழமாக இழுத்தார். உதட்டில் நிறம் திரும்பியது.

"சொல்லிட்டேன் இல்ல?" என்றார்.

"சொல்லிட்டீங்க அத்தான்" என்றவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. அக்கா சிலிண்டரைப் பிடித்தபடியே சுவரில் சாய்ந்து நின்றாள்.

ஏனக்கா ஆசிலாஸ்கோப்பை அணைத்துத் தூக்கிக் கூடத்தில் வைத்துவிட்டு வந்தாள். நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, டியூபை ஒரு கையில் பிடித்துக்கொண்டாள். ஐந்து மணிக்குக் கரண்ட் வரும்வரை, கால் மணிக்கு ஒரு தடவை நிமிர்ந்து பார்த்து, "எப்படி இருக்கு அத்தான்?" என்று கேட்டாள். ஒவ்வொரு தடவையும் அவர் கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் பதில் சொன்னார்.